மொட்டை மாடியில் நான்கு வகைச் சீமை அத்தி: வளர்த்த முறையும் சுவைத்துக் கண்ட வேறுபாடும்

கொங்கு நாட்டில் அத்தி என்று சொன்னால், ஓடைக்கரையிலும் கிணற்றடியிலும் நின்று அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்திதான் முதலில் நினைவுக்கு வரும். நாட்டு மருந்துக் கடைகளில் நாரில் கோத்து மாலையாகத் தொங்கவிடப்படும் உலர்பழம் அதன் உறவுமரமான சீமை அத்தியினுடையது. இரண்டும் ஆலும் அரசும் சேர்ந்த அதே ஃபைகஸ் பேரினத்தைச் சேர்ந்தவை என்றாலும் பழத்தின் சதையிலும் இனிப்பிலும் வெகுவாக வேறுபட்டவை. கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 2021 ஜனவரி முதல் சீமை அத்தியின் நான்கு வகைகளை வளர்த்து, ஒவ்வொரு பருவத்திலும் எடையும் இனிப்பும் குறித்து வைத்து, வீட்டாருடன் ஒப்பிட்டுச் சுவைத்து வருகிறேன். வகையைத் தேர்ந்தெடுப்பதில் நான் செலவிட்ட கவலையில் பாதியையாவது கவாத்து செய்யும் மாதத்திலும் பழம் பறிக்கும் நாளிலும் முதலிலேயே செலுத்தியிருந்தால் இரண்டு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும் என்பதே இந்தப் பதிவை எழுதக் காரணம்.

தொடக்கம் பூனா அத்தி. உறவினர் ஒருவரின் தோட்டத்தில் கவாத்து செய்தபோது வெட்டிப்போட்ட கிளைகளிலிருந்து, பென்சிலைவிடச் சற்றுத் தடிமனான, நான்கைந்து கணுக்கள் கொண்ட எட்டுப் போத்துகளை எடுத்து வந்தேன். வெட்டுவாயிலிருந்து பால் வடிவது நிற்கும்வரை ஓரிரவு நிழலில் கிடத்திவிட்டு, மறுநாள் நார்க்கழிவும் ஆற்று மணலும் சமமாகக் கலந்த சிறு பைகளில், இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி நட்டேன். அவற்றில் ஐந்து வேர்பிடித்தன. மூன்று அழுகியதற்குக் காரணம் என் அவசரம்தான்: நட்ட பத்தாம் நாளில் துளிர் வந்ததைக் கண்டு வேர் வந்துவிட்டது என்று எண்ணித் தினமும் தண்ணீர் ஊற்றினேன். சீமை அத்திப் போத்து தன் தண்டில் சேர்த்து வைத்த சத்தைக் கொண்டே முதல் இரண்டு இலைகளை விட்டுவிடும். வேர் அதற்குப் பிறகுதான் வரும். ஆகவே பையின் அடியில் வெள்ளை வேர் தெரியும்வரை, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் சிறிதளவு நீர் விட்டால் போதும்.

அடுத்ததாக டயானா என்றும் பிரவுன் டர்க்கி என்றும் பெயரிட்ட இரண்டு பதியன் செடிகளையும், கோனாட்ரியா என்று அட்டை கட்டிய ஒரு செடியையும் ஒரு நாற்றுப்பண்ணையில் வாங்கினேன். கோனாட்ரியா பழுக்கும்போது வெளிர் பச்சைத் தோலில் மெல்லிய ஊதாச் சாயல் மட்டுமே படர வேண்டும். நான் வாங்கிய செடியோ முதல் காய்ப்பிலேயே பூனாவைப் போலவே செம்பு கலந்த ஊதா நிறத்தில் பழுத்தது; இலையையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது பூனாதான் என்பது உறுதியாயிற்று. ஓராண்டு காத்திருந்த பிறகு இப்படி ஆனது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. ஆனால் அத்தியில் பெயர்க் குழப்பம் உலகம் முழுவதும் உள்ளது. அமெரிக்க அத்தி ஆய்வாளர் ஐரா காண்டிட் 1955இல் வெளியிட்ட வகைத் தொகுப்பில் 600க்கும் மேற்பட்ட வகைகள் இடம்பெற்றன. ஒரே வகைக்குப் பல பெயர்களும், ஒரே பெயரில் பல வகைகளும் உண்டு. பிரவுன் டர்க்கி என்ற பெயரில் கலிபோர்னியாவில் விற்பதும் இங்கிலாந்தில் விற்பதும் வெவ்வேறு மரங்கள். எனவே அட்டையை நம்பி வாங்குவதைவிடப் பழம் சுவைத்துப் பார்த்த மரத்திலிருந்து போத்து வாங்குவதே நல்லது. உண்மையான கோனாட்ரியா எனக்கு அப்படித்தான், 2022இல் ஒரு நண்பரின் தோட்டத்திலிருந்து கிடைத்தது. அது காண்டிட் அவர்களே கலிபோர்னியாவில் கலப்பினச் சேர்க்கையால் உருவாக்கி 1956இல் வெளியிட்ட வகை.

பெயர் பிறழ்ந்தால் பழம் மாறும்; பிரிவு பிறழ்ந்தால் பழமே கிடைக்காது. சீமை அத்தியில் மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே பழுக்கும் பொதுவகை ஒன்று; சேர்க்கை நடந்தால் மட்டுமே பழுக்கும் ஸ்மிர்னா வகை மற்றொன்று; முதல் காய்ப்புக்கு அது வேண்டாமல், அடுத்த காய்ப்புக்கு மட்டும் வேண்டியிருக்கும் சான் பெட்ரோ வகை இன்னொன்று. ஸ்மிர்னாவுக்கு மகரந்தம் கொண்டுவருவது ஆண் அத்திக்குள் வளரும் ஒரு நுண்ணிய குளவி. கலிபோர்னியாவில் 1880களில் ஸ்மிர்னா மரங்களை நட்டவர்கள், மரம் நன்றாக வளர்ந்தும் காய்கள் பிஞ்சிலேயே உதிர்வதைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1899இல் வால்டர் ஸ்விங்கிள் அந்தக் குளவியை அங்கே கொண்டுவந்து சேர்த்த பிறகே பழம் நிலைத்தது. ஆண் அத்தியும் அதன் குளவியும் இல்லாத நம் மாடிகளில் ஸ்மிர்னாவை வளர்ப்பது வெறும் இலைக்காகத்தான். நாட்டு அத்திக்கு வரும் குளவி வேறு. அது சீமை அத்திக்கு உதவாது. நான் வளர்க்கும் நான்கும் பொதுவகையைச் சேர்ந்தவை.

இதை என் அம்மாவுக்கு விளக்க எனக்கு இரண்டு பருவங்கள் ஆயின. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்ற பழமொழியோடு வளர்ந்தவர் அவர். முதல் பழத்தைக் கையில் கொடுத்தபோது, “பிட்டுப் பாத்துட்டுத் தின்னு கண்ணு” என்று என்னிடமே திருப்பித் தந்தார். நாட்டு அத்தியைப் பொறுத்தவரை அந்தப் பழமொழி மிகச் சரியானது, ஏனெனில் அதன் பழத்துக்குள் குளவிகள் உண்மையிலேயே முட்டையிட்டு வளர்கின்றன. அத்தி பூத்தாற்போல் என்று அரிதானதைச் சொல்கிறோம். ஆனால் அத்தி ஒவ்வொரு காயிலும் பூக்கிறது. நாம் காய் என்று காண்பதே நூற்றுக்கணக்கான பூக்களை உள்ளே வைத்து மூடிய ஒரு பை. பழத்தின் நுனியிலுள்ள சிறு கண்துளைதான் அதற்குள் செல்லும் ஒரே வழி. பூனாவின் பழத்தை இரண்டாகப் பிளந்து, உள்ளே சிவந்து தொங்கும் பூக்களை ஒவ்வொன்றாகக் காட்டிய பிறகே அம்மா அதை வாயில் போட்டார்.

தொட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 200 லிட்டர் நீல டிரம்மைக் குறுக்காக இரண்டாக அறுத்து, அடியில் பத்துத் துளைகள் இட்டு, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நார்க்கழிவு, ஒரு பங்கு மக்கிய தொழு உரம், அரைப்பங்கு மணல், ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு என்ற கலவையை நிரப்பினேன். நனைந்த நிலையில் ஒரு தொட்டி 100 கிலோவைத் தாண்டும் என்பதால், நான்கையும் மாடியின் நடுவில் வைக்காமல் கீழே சுவரும் உத்திரமும் உள்ள ஓரங்களிலேயே வைத்திருக்கிறேன். மே மாத வெயிலில் காலை, மாலை இரு வேளையும் நீர் தேவைப்படுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டும் ஊற்றியபோது மண்ணின் மேல் வெள்ளை உப்புப் படிந்தது; சிறுவாணி நீர் வரும் நாட்களில் தொட்டியின் அடித்துளை வழியே ஓடும்வரை ஊற்றிக் கழுவிவிடுகிறேன்.

செம்மண்ணை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது முக்கியம் என்பதை பிரவுன் டர்க்கியின் வழியாகக் கற்றேன். கத்தரியும் தக்காளியும் மாறி மாறி விளைந்த ஒரு பாத்தியின் மண்ணை அந்தத் தொட்டிக்கு மட்டும் போட்டிருந்தேன். இரண்டாம் ஆண்டில் நீர் இருந்தும் நண்பகலில் இலைகள் தொய்ந்தன. பிஞ்சுகள் பட்டாணி அளவிலேயே நின்றுவிட்டன. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர்கள் முழுவதும் மணிமணியாக முடிச்சுகள். வேர்முடிச்சு நூற்புழுவுக்கு அத்தி எளிதில் இரையாகும், அதிலும் மணற்பாங்கான மண்ணில் தாக்குதல் கடுமையாக இருக்கும். வேரைக் காப்பாற்ற முயலாமல், மேல்கிளைகளிலிருந்து நான்கு போத்துகளை எடுத்து நட்டுக்கொண்டு, பழைய செடியையும் மண்ணையும் அப்புறப்படுத்தி, டிரம்மைக் கழுவிக் கோடை வெயிலில் காயவைத்துப் புதிதாகத் தொடங்கினேன்.

இனிக் கவாத்து. சீமை அத்தியின் முக்கியக் காய்ப்பு, அந்தப் பருவத்தில் வரும் புதுத் தளிரில், இலைக் கக்கத்தில்தான் வருகிறது. ஆகவே நாம் எப்போது வெட்டுகிறோமோ அதைப் பொறுத்தே எப்போது பழுக்கும் என்பது அமைகிறது. இங்கே வெட்டியதிலிருந்து முதல் பழம் வரை ஏறக்குறைய நாலரை மாதங்கள் ஆகின்றன. முதல் ஆண்டில் இதை அறியாமல் ஜூன் நடுவில் வெட்டினேன். பழங்கள் அக்டோபர் இறுதியில், வடகிழக்குப் பருவமழை வலுத்த நேரத்தில் பழுத்தன. மழை பெய்த மறுநாள் காலையில் பழங்கள் வாய் பிளந்து நின்றன. கண்துளை வழியே பழ ஈக்கள் நுழைந்து புளிக்க வைத்தன. இலைகளின் அடிப்புறத்தில் துருநோயின் பழுப்புத் தூள் படிந்து, நவம்பர் முடிவதற்குள் மரம் மொட்டையானது. சேதமில்லாமல் கிடைத்த சில பழங்களும் நீர்த்த சுவையுடன் லேசான புளிப்போடு இருந்தன. அந்தப் பருவத்தை வைத்துப் பூனா சுவையற்ற வகை என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். அது தவறான தீர்ப்பு.

புனே மாவட்டத்தின் புரந்தர் வட்டாரத்தில், 2016இல் புவிசார் குறியீடு பெற்ற அத்தி விளையும் ஊர்களில், மழையை ஒட்டி வரும் காய்ப்பைக் ‘கட்டா பகார்’ என்றும், அதன் பின் வருவதை ‘மீட்டா பகார்’ என்றும் அழைக்கிறார்கள். முதலாவது புளிப்புப் பருவம், இரண்டாவது இனிப்புப் பருவம். அந்த விவசாயிகள் பேச்சுவழக்கிலேயே வைத்திருக்கும் இந்த அறிவை நான் என் மாடியில் ஓராண்டை இழந்து தெரிந்துகொண்டேன். 2023 முதல் பொங்கல் முடிந்த வாரத்தில்தான் வெட்டுகிறேன். ஒவ்வொரு கிளையிலும் மூன்று அல்லது நான்கு கணுக்களை மட்டும் விட்டு, மரத்துக்கு நான்கைந்து தண்டுகள் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். மார்ச்சில் பிஞ்சு தெரிகிறது. மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் பழுக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முழு வேகத்தில் இலைகளைக் கிழிக்கத் தொடங்குவதற்கு முன் பெரும்பகுதி பறித்து முடிந்துவிடும். துருநோய் இன்னும் வருகிறது, ஆனால் பழம் முடிந்த பிறகு வருவதால் இழப்பு குறைவு. உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அகற்றுவதும், மழைக்கு முன் ஒருமுறை மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு சதவீத போர்டோ கலவை தெளிப்பதும் எனக்குப் போதுமாக இருக்கின்றன.

கவாத்து செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அத்தியின் பால் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் தோல் வெந்துபோகும். பாலிலும் இலையிலும் உள்ள சில வேதிப்பொருட்கள் ஒளியோடு சேர்ந்து இந்தப் புண்ணை உண்டாக்குகின்றன. 2022இல் வெறுங்கையோடு காலை பத்து மணிக்கு வெட்டியதால் என் மணிக்கட்டில் மறுநாள் கொப்புளம் எழுந்தது. அதன் கருந்தழும்பு மறையப் பல வாரங்கள் ஆயின. இப்போது முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிந்து, வெயில் தாழ்ந்த பிறகே வெட்டுகிறேன்.

பறிக்கும் நாளைக் கணிப்பதற்குத்தான் மிகுந்த பொறுமை வேண்டியிருக்கிறது. அத்திக் காய் மூன்று கட்டங்களாக வளர்கிறது: முதலில் வேகமாகப் பெருக்கிறது, பிறகு பல வாரங்கள் எந்த மாற்றமும் இல்லாமல் கல்லைப் போல நிற்கிறது, கடைசி சில நாட்களில் திடீரெனப் பருத்து, நிறம் மாறி, மெத்தென்று ஆகிறது. இனிப்பின் பெரும்பகுதி இந்தக் கடைசி நாட்களில்தான் சேர்கிறது. பறித்த பிறகு பழம் மென்மையாகுமே தவிர இனிப்பு கூடாது. நிறம் வந்தவுடன் பறித்தால் காம்பிலிருந்து பால் வடியும், உண்டால் நாக்கும் உதடும் அரிக்கும். அந்தப் பாலில் புரதத்தைச் சிதைக்கும் ஃபைசின் என்ற நொதி இருப்பதே காரணம். கழுத்து வளைந்து பழம் தலைகுனிந்து தொங்க வேண்டும். தோலில் மெல்லிய வெண்கீறல்கள் ஓட வேண்டும். கண்துளையில் ஒரு துளி தேன் கசிந்து நின்றால் இன்னும் நல்லது. அந்த நிலையில் காம்பைச் சற்று மேலே தூக்கினாலே பழம் கையோடு வரும், பாலும் வடியாது. கடைக்கு வரும் பழங்கள் பயணத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் இந்த நிலைக்கு முன்பே பறிக்கப்படுகின்றன. கடையில் வாங்கிய பழத்தை வைத்துச் சீமை அத்தியைச் சப்பென்று இருப்பதாக ஒதுக்கியவர்கள், மரத்தில் பழுத்ததை ஒருமுறையாவது உண்ண வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இந்த இடைவெளியை எண்ணெய் வைத்துச் சுருக்கும் ஒரு பழைய முறை உண்டு. மத்தியதரைக் கடல் நாடுகளில் ஆலிவ் எண்ணெயைக் கண்துளையில் தொட்டு வைப்பார்கள். நான் 2023 மே மாதத்தில் பூனாவின் ஒரே கிளையில் அடுத்தடுத்து இருந்த ஆறு காய்களைத் தேர்ந்து, ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றில் மட்டும் பஞ்சுக்குச்சியால் நல்லெண்ணெய் தொட்டு வைத்தேன். எண்ணெய் வைத்தவை ஏழாம் நாளில் நிறம் மாறிப் பழுத்தன. வைக்காதவை அதற்கு மேலும் எட்டு முதல் பதினோரு நாட்கள் எடுத்துக்கொண்டன. எடையில் வேறுபாடு சிறிதுதான். ஆனால் பழச்சாற்றின் இனிப்பை அளக்க, கையில் பிடித்துப் பார்க்கும் பிரிக்ஸ் மானியில் எண்ணெய்ப் பழங்கள் 15 காட்டியபோது, தானாகப் பழுத்தவை 19 காட்டின. கண்ணை மூடிக்கொண்டு சுவைத்த என் மகள் மூன்று முறையும் தவறாமல் வேறுபாட்டைக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து எண்ணெய் வைப்பதை நிறுத்திவிட்டேன்.

அணில், குயில், எறும்பு ஆகியவற்றிடமிருந்து காப்பதற்காக, விழாக்களில் பரிசு போட்டுத் தரும் சல்லாத்துணிப் பைகளை நிறம் மாறத் தொடங்கும் பழங்களில் கட்டுகிறேன். பறவைக்கு அது போதும். அணில் துணியைக் கடித்துவிடுகிறது. அதற்காகச் சன்னல்களுக்கு அடிக்கும் கொசுவலைக் கம்பியைக் குழாய்போலச் சுருட்டி மாட்டிய பிறகு இழப்பு வெகுவாகக் குறைந்தது.

நான்கு வகைகளையும் சேர்த்துச் சுவைக்க 2024 ஜூன் முதல் வாரத்தில்தான் வாய்த்தது. காலை ஆறரை மணிக்கு வகைக்கு மூன்று பழங்கள் பறித்து, குளிர்ப்பெட்டியில் வைக்காமல் அறை வெப்பத்திலேயே வைத்து, நீளவாக்கில் வெட்டி, தட்டுகளுக்கு எண் மட்டும் இட்டு, அம்மா, மனைவி, மகள், பக்கத்து வீட்டு அக்கா ஆகிய நால்வரிடமும் கொடுத்தேன். ஒரு வகைக்கும் அடுத்ததற்கும் இடையில் உப்பில்லாத வெறும் பொரியும் தண்ணீரும்.

டயானாவே எல்லாரையும் முதலில் கவர்ந்தது, ஏனெனில் பெரியது. ஒரு பழம் சராசரியாக 62 கிராம் இருந்தது. பொன்மஞ்சள் தோல், தேன்நிறச் சதை, தேனை நினைவூட்டும் நேரான இனிப்பு, பிரிக்ஸ் 18. ஒரு பழத்தை ஆசையோடு உண்ணலாம், மூன்றாவது பழத்தில் திகட்டுகிறது. இனிப்பைத் தாங்கிப் பிடிக்க அதில் புளிப்பு இல்லை என்பது என் கருத்து. மேலும் அதன் கண்துளை அகன்று இருப்பதால் எறும்பு எளிதில் நுழைகிறது.

பூனா 36 கிராம்தான், தோல் மெல்லியது, சதை இளஞ்சிவப்பு. மழைக்காலத்தில் பிரிக்ஸ் 12 காட்டிய அதே மரம் இப்போது 19 காட்டியது. இந்த ஏழு புள்ளி வேறுபாட்டுக்கு இணையாக, அன்று தட்டில் இருந்த எந்த இரண்டு வகைகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை. இனிப்போடு நாவற்பழத்தைச் சற்று ஒத்த ஒரு புளிப்பும் மணமும் இருந்தன. தோலோடு உண்பதற்கு இதுவே சிறந்தது. முன்பு எழுதிய தீர்ப்பை அடித்துத் திருத்தினேன்.

பிரவுன் டர்க்கி பார்வைக்கு அழகானது; செம்பும் கருஞ்சிவப்பும் கலந்த தோல், வெட்டினால் நடுவில் ஒரு வெற்றிடம். ஆனால் புதுப்போத்திலிருந்து வந்த இளஞ்செடியாக இருந்ததாலோ என்னவோ பிரிக்ஸ் 16க்கு மேல் ஏறவில்லை. நால்வரில் மூவர் அதைக் கடைசி இடத்தில் வைத்தார்கள். இளமரத்தின் பழத்தை வைத்து வகையைக் கணிப்பது நியாயமல்ல என்பதால் அதற்கு இன்னும் ஒரு பருவம் கொடுத்திருக்கிறேன்.

நண்பர் தந்த கோனாட்ரியாவில் அந்த ஆண்டு பதினொரு பழங்களே காய்த்தன. வெளிர் பச்சைத் தோலைப் பார்த்து, “இது இன்னும் பழுக்கலியே கண்ணு” என்று அம்மா தட்டை ஒதுக்கினார். வெட்டினால் வெளிர்சிவப்புச் சதை, பிரிக்ஸ் 21. முதலில் கருப்பட்டிப் பாகின் அடர்த்தி, அதன் பின்னால் மெல்லிய புளிப்பு, கடைசியில் விதைகளின் நறநறப்பில் ஒரு பருப்பு மணம். பச்சைத் தோல் பழுத்ததைக் காட்டிக்கொடுக்காததால் பறவைகளும் அதை விட்டுவைக்கின்றன. மரத்தில் கூடுதலாக இரண்டு நாட்கள் தொங்கினாலும் புளிக்கவில்லை. நால்வரில் மூவருக்கு இதுவே முதலிடம், எனக்கும் அப்படியே. அம்மா மட்டும் பூனாவுக்கு வாக்களித்தார். அத்திப்பழம் என்றால் தோலும் சிவந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இந்தப் பொங்கலுக்குப் பின் கவாத்து செய்தபோது, பெயர் மாறி வந்த அந்தச் செடியைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு, பூனா என்று சரியாக அட்டை எழுதிக் கட்டிக் கொடுத்துவிட்டேன். காலியான டிரம்மில், வயல் மண்ணைத் தவிர்த்து, இதுவரை காய்கறி விளையாத மேட்டு நிலத்துச் செம்மண்ணை நிரப்பிக் கோனாட்ரியாவின் இரண்டாவது செடியை நட்டிருக்கிறேன். அதன் மிச்சப் போத்துகள் ஆறு, நார்க்கழிவுப் பைகளில் நிழலில் இருக்கின்றன. இரண்டில் துளிர் வந்துவிட்டது, அடியில் வேர் இன்னும் தெரியவில்லை. அதுவரை வாரத்துக்கு இரண்டு முறை மட்டும், கால் டம்ளர் தண்ணீர்.